இஸ்லாமொராடா மணல் திட்டில் தரைதட்டிய வாடகைப் படகு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுத் தொடரில் இஸ்லாமொராடா என்ற ஊர் இருக்கிறது. அங்கே வேல் ஹார்பர் கால்வாய் அட்லாண்டிக் கடலோடு சேரும் பக்கத்தில் பெரிய வெள்ளை மணல் திட்டு ஒன்று உண்டு. கோடை வார இறுதிகளில் டஜன் கணக்கில் படகுகள் அங்கே நங்கூரம் போடும். இடுப்பளவு நீரில் இறங்கிக் குழந்தைகளோடு பொழுதைக் கழிக்கலாம். நிழலோ கழிவறையோ உயிர்காப்பாளரோ கிடையாது. கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருப்பதால் இதைக் கடல் பயணம் என்றே பலர் நினைப்பதில்லை.

ஜூலை மாதம், பௌர்ணமியை ஒட்டிய ஒரு சனிக்கிழமை, இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த 9 பேர் அங்கே போனார்கள். 6 பெரியவர்கள், அவர்களில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். 5, 9, 11 வயதில் 3 குழந்தைகள். 22 அடி நீளத் திறந்த படகு, பின்னால் ஒரு அவுட்போர்டு இன்ஜின், மேலே துணிக் கூரை. வாடகை நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை.

படகை ஓட்டியவர் நாற்பதுகளின் பிற்பகுதியில் இருப்பவர். கடலே இல்லாத மாநிலம் ஒன்றில் ஏரிப் படகு ஓட்டிப் பல ஆண்டுப் பழக்கம் அவருக்கு இருந்தது. இன்ஜினைக் கையாள்வதிலும் படகைத் துறையில் அணைப்பதிலும் நல்ல கைத்தேர்ச்சி. ஆனால் ஏரியில் காலையில் இருந்த ஆழம்தான் மாலையிலும் இருக்கும். ஃபுளோரிடாவில் 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் 10 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள படகை ஓட்டப் படகுப் பாதுகாப்புக் கல்விச் சான்று வேண்டும். இவர் அதற்கு முன்பே பிறந்தவர் என்பதால் சட்டம் விலக்கு தந்துவிட்டது. ஓதம், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவது, பற்றிய பாடம் யாருக்கு மிகவும் தேவைப்பட்டதோ அவரிடம் அதை யாரும் கேட்கவில்லை.

திட்டம் போட்ட விதம்

குறை சொல்ல முடியாத ஏற்பாடுகளும் இருந்தன. எல்லோருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் இருந்தது. 26 அடிக்குக் குறைந்த படகு ஓடிக்கொண்டிருக்கும்போது 6 வயதுக்கு உட்பட்ட குழந்தை அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது ஃபுளோரிடா சட்டம். இவர்கள் மூன்று குழந்தைகளுக்குமே போட்டுவிட்டார்கள். இன்ஜினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு ஓட்டுபவர் இடுப்பில் இருந்தது. அவர் மது அருந்தவில்லை. எறியும் மிதவை, தீயணைப்பான், அபாய ஒளிக்குச்சிகள், கடலில் பேசிக்கொள்ள உதவும் விஎச்எஃப் வானொலி எல்லாம் படகிலேயே இருந்தன.

குடிநீர் 12 லிட்டர் எடுத்தார்கள். ஜூலை வெயிலில் மணிக்குத் தலைக்கு அரை லிட்டர் என்று வைத்தால் 9 பேருக்கு மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. ஐஸ் பெட்டியில் பியரும் குளிர்பானமும் நிறைய இருந்ததால் நீர் குறைவாக இருப்பது கண்ணில் படவில்லை.

பெரிய பிழை ஓத அட்டவணையில் நடந்தது. அட்டவணையைப் பார்க்காமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. கைப்பேசிச் செயலியில் பார்த்தார்கள். அவர்கள் தங்கிய வீடு தீவின் வடமேற்கே, ஃபுளோரிடா விரிகுடாவைப் பார்த்தபடி இருந்தது. செயலி அதற்கு மிக அருகில் இருந்த விரிகுடாப் பக்க ஓத நிலையத்தைத் தானாகத் தேர்ந்தெடுத்துக் காட்டியது. அங்கே நீர் ஏறி இறங்குவது பெரும்பாலும் ஓர் அடிக்கும் குறைவு. ‘அரை அடிக்கு மேல் இறங்காது’ என்று முடிவு கட்டினார்கள். மணல் திட்டு இருப்பதோ தீவின் மறுபக்கம், அட்லாண்டிக்கில். அங்கே சாதாரண நாளிலேயே சுமார் 2 அடி ஏறி இறங்கும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அதற்கும் கூடுதல். நேரமும் ஒத்துவராது. தீவின் குறுக்களவு நடந்தே கடக்கும் தூரம்தான், ஆனால் இரு பக்கத்து நீரும் வேறு வேறு கணக்கில் ஓடுகின்றன. கீஸ் பகுதிக்குப் புதிதாக வருபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது.

கடல் வரைபடத்தையும் திறக்கவில்லை. செயற்கைக்கோள் படத்தில் வெள்ளையாகத் தெரிந்த இடத்தைக் குறித்துக்கொண்டார்கள். அமெரிக்க வரைபடங்களில் ஆழம் சராசரித் தாழ்நீர் மட்டத்திலிருந்து கணக்கிட்டுப் போடப்படும். அடிக் கணக்கில் உள்ள வரைபடத்தில் ஒரு திட்டின் மேல் 1 என்று இருந்தால், நீர் வற்றிய நேரத்தில் அங்கே ஏறத்தாழ ஓர் அடிதான் நிற்கும் என்று பொருள். அந்த எண்ணைப் பார்த்திருந்தாலே செயலி சொன்னதில் சந்தேகம் வந்திருக்கும்.

அன்றைய நீர்க் கணக்கு

பிறகு சரியான நிலையத்தை வைத்துப் பார்த்தபோது கிடைத்த கணக்கு இது. உயர் ஓதம் காலை 9:45. தாழ் ஓதம் மாலை 3:55. இடையே இறக்கம் 2.4 அடி.

நீர் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. ஆறு மணி நேர இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் 3, ஐந்தாவதில் 2, கடைசியில் 1 பங்கு என்று மாலுமிகள் தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு பங்கு 0.2 அடி. முதல் மணியில் இரண்டரை அங்குலம் குறைந்ததை யாரும் உணரவில்லை. நடுவில் மணிக்கு 7 அங்குலம் போனது.

நங்கூரம் போட்டது காலை 10:45க்கு. அந்த இடத்தில் அப்போது ஆழம் 3 அடி. இன்ஜினை முழுக்கத் தூக்கினால் படகின் உடம்பு மட்டும் மிதக்க 14 அங்குலம் போதும். இன்ஜினைப் பாதி சாய்த்து, குளிர்நீர் உறிஞ்சும் துளைகள் மூழ்கும்படி மெதுவாக ஓட்ட 24 அங்குலம் வேண்டும். எனவே அந்த இடத்துக்கு இரண்டு கெடு நேரங்கள் இருந்தன. பிற்பகல் 12:50 வரை இன்ஜினோடு கிளம்பலாம். அதன் பிறகு 2:20 வரை இன்ஜினைத் தூக்கி வைத்து, இறங்கி நின்று கையால் தள்ளி ஆழத்துக்குக் கொண்டு போகலாம். அதையும் தவறவிட்டால் நீர் திரும்பி ஏறும்வரை படகு நகராது. வற்றிய நேரத்தில் அங்கே மிஞ்சப்போவது 10 அங்குல நீர்.

திட்டில் நடந்தவை

நங்கூரமிட்ட முறை சரி. 8 பவுண்டு தட்டை நங்கூரம், 6 அடி சங்கிலி, படகின் முன்முனையான அணியத்திலிருந்து 35 அடி கயிறு. ஆழம் 3 அடி, நீர்மட்டத்திலிருந்து அணியம் 2 அடி, ஆக 5 அடி. அதற்கு ஏழு மடங்கு. மணலில் நன்றாகக் கவ்வியது. படகு சுற்றாமல் இருக்கப் பின்புறம் ஒரு கம்பை ஊன்றிக் கட்டினார்கள். தேர்ந்தெடுத்த இடம்தான் தவறு. குழந்தைகளுக்கு வசதி என்று திட்டின் நடுவுக்கே போயிருந்தார்கள். ஆழமான கால்வாய் ஓரம் சுமார் 30 மீட்டர் தள்ளி இருந்தது. இடையே கடற்புல் படர்ந்த பட்டை ஒன்று.

12:30 முதல் சுற்றியிருந்த பெரிய படகுகள் ஒவ்வொன்றாக நங்கூரத்தை எடுத்து ஓரத்துக்கு நகர்ந்தன. ‘சாப்பிட்டுக் கிளம்புகிறார்கள்’ என்று இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உள்ளூர்ப் படகுகள் சொல்லிவைத்தாற்போல ஒரே திசையில் நகர்கின்றன என்றால் அதற்குக் காரணம் இருக்கும். செயலியைவிட நம்பகமான எச்சரிக்கை அது.

1:30க்கு நீர் முழங்காலுக்கு வந்ததை ஒருவர் கவனித்துச் சொன்னார். செயலி மீண்டும் திறக்கப்பட்டது. அது விரிகுடாவின் கணக்கையே காட்டியது. நீர் இதற்கு மேல் இறங்காது என்று இருந்துவிட்டார்கள். படகு அப்போதும் மிதந்துகொண்டுதான் இருந்தது. நான்கு பேர் தள்ளியிருந்தால் கால் மணி நேரத்தில் ஆழத்துக்குப் போயிருக்கும்.

2:15க்கு கிழக்கே அடி கறுத்த மேகமும் முதல் இடியும். கிளம்பலாம் என்று எல்லோரையும் ஏற்றினார்கள். 9 பேரின் எடை ஏறியதும் இன்ஜின் தொங்கும் பின்புறம் மணலில் அமர்ந்தது. ஓட்டியவர் இன்ஜினை இறக்கி, ரிவர்ஸ் போட்டு வேகம் கொடுத்தார். படகு அசையவில்லை. பின்னால் பழுப்பு நிறத்தில் மணல் கொந்தளித்தது. இன்ஜினின் பக்கவாட்டிலிருந்து கம்பி போல் பீச்ச வேண்டிய குளிர்நீர் மெலிந்து சொட்டத் தொடங்கியது. ஒரு நிமிடம் ஆகும் முன்பே சூடேற்ற எச்சரிக்கை ஒலித்தது. உறிஞ்சப்பட்ட மணல், குளிர்நீரை இறைக்கும் ரப்பர் இம்பெல்லரின் இதழ்களைத் தேய்த்துவிட்டிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, இன்ஜினை நிறுத்தித் தூக்கியது. ஒலி கேட்டவுடன் ஓட்டியவர் நிறுத்தினார். அடுத்த சில நிமிடங்களுக்கு முழு வேகம் கொடுத்துப் பார்ப்போம் என்று ஒருவர் சொன்னதற்கு அவர் இணங்கவில்லை. இன்ஜின் கெடும் என்பது ஒரு காரணம். பின்னால் இருந்த கடற்புல் இன்னொரு காரணம். ப்ரொப்பெல்லர் கிழித்த ஆமைப்புல் தரை பழையபடி மூடப் பல ஆண்டுகள் ஆகும். இந்தக் கடல் முழுதும் 1990இல் அறிவிக்கப்பட்ட தேசியக் கடல் சரணாலயம். புல் தரையைச் சேதப்படுத்தினால் அபராதம் உண்டு. ஐஸ் பெட்டி, சாமான்கள், ஆட்கள் எல்லாம் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள். அதற்குள் 15 நிமிடம் போய்விட்டது. மணிக்கு 5 அங்குலம் இறங்கும் நீரில் 15 நிமிடம் என்றால் ஓர் அங்குலத்துக்கும் மேல். முதலில் ஆட்களை இறக்கித் தள்ளிவிட்டு, ஆழத்துக்குப் போன பிறகு இன்ஜினைத் தொட்டிருந்தால் தப்பித்திருக்க வாய்ப்பு இருந்தது.

இரண்டாவது முடிவு, குழந்தைகளைப் பிரித்து அனுப்பியது. ஓரத்தில் மூடிய அறை கொண்ட பெரிய படகு ஒன்று நின்றது. அதன் உரிமையாளரிடம் கேட்டு, 3 குழந்தைகள், மூத்தவர், இன்னொரு பெரியவர் என 5 பேரை லைஃப் ஜாக்கெட்டுடன் 2:40க்கு நடத்தி அனுப்பினார்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 25 விநாடி, அதாவது சுமார் 8 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் நீரில் நடப்பதும் ஆபத்துதான். மழைமேகத்திலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும். திறந்த படகிலேயே குழந்தைகளை உட்காரவைத்திருப்பது அதைவிட மோசம். ஆகவே முடிவு சரி என்றே கொள்கிறோம். முதல் இடி கேட்டதுமே செய்திருக்க வேண்டும். ஓரத்தை நெருங்கும்போது கால்வாயின் இழுப்பு இருந்ததால் பெரியவர்கள் நீரோட்டம் வரும் பக்கமாக நின்று குழந்தைகளைத் தாங்கிக்கொண்டார்கள்.

மீதி 4 பேர் மழை முழுவதும் படகின் நடுவில், உலோகக் கம்பிகளைத் தொடாமல் தாழ உட்கார்ந்திருந்தார்கள். துணிக் கூரையை மடக்கிக் கட்டினார்கள். பலத்த காற்று 35 நிமிடம் வீசி ஓய்ந்தது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே நீரில் இறங்கினார்கள்.

மூன்றாவது முடிவு, வானொலியில் பேசியது. 16ஆம் சேனலில் கடலோரக் காவல் படையை அழைத்து, இருக்குமிடம், ஆட்களின் எண்ணிக்கை, உயிராபத்து இல்லை என்பதைச் சொன்னார்கள். உயிராபத்து இல்லாத படகைக் காவல் படை இழுத்துத் தராது. தனியார் இழுவைப் படகைத் தொடர்பு கொள்ளச் செய்தது. இழுவைக்காரர் சொன்னது தெளிவு: இப்போது இழுத்தால் அடிப்பாகம் உராயும், இறுகத் தரைதட்டிய படகை மீட்பது சாதாரண இழுவையாகாது, மீட்புப் பணிக்கான கட்டணம் ஆகும், நீர் ஏறும்வரை காத்திருந்தால் தானே மிதந்துவிடும். காத்திருப்பது என்று தீர்மானித்தார்கள். சூரியன் மறைய இரவு 8 மணிக்கு மேல் ஆகும் என்பதும், குழந்தைகள் பத்திரமாக இருந்ததும் அந்தத் தீர்மானத்துக்கு இடம் கொடுத்தன.

நான்காவது, நங்கூரத்தை இடம் மாற்றியது. இந்த நிகழ்வில் ஆகச் சிறந்த முடிவு இதுதான். 4 மணிக்கு, நீர் அடிமட்டத்தில் இருந்தபோது, நங்கூரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு புல் பட்டையைச் சுற்றி ஆழமான பக்கம் நடந்து, 80 அடி கயிறு விட்டுக் குத்தினார்கள். காற்று தென்கிழக்கிலிருந்து திட்டை நோக்கி வீசியது. நங்கூரம் பழைய இடத்திலேயே இருந்திருந்தால், மிதக்கத் தொடங்கிய படகை ஒவ்வொரு அலையும் இன்னும் மேட்டுக்கு ஏற்றியிருக்கும். கயிற்றை இறுக்கி வைத்ததால் படகு உயர்ந்த ஒவ்வொரு முறையும் அரையடி, ஓரடியாக ஆழத்தை நோக்கி இழுத்துக்கொள்ள முடிந்தது.

துடுப்பு ஒன்றை மணலில் குத்தி, நீர்மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு வைத்தார்கள். அட்டவணைப்படி 3:55க்குத் திரும்ப வேண்டிய நீர் 4:15 வரை இறங்கியது. காற்றும் அழுத்தமும் இப்படிச் சற்று முன்பின்னாக்கும். அட்டவணை தருவது கணிப்பு மட்டுமே.

பின்விளைவு

5:50க்குப் படகு மிதந்தது. இன்ஜினைத் தூக்கியபடியே நான்கு பேரும் இழுத்து, இடுப்பளவு நீருக்கு வந்த பிறகே அதை இயக்கினார்கள். குளிர்நீர் மெலிதாக வந்ததால் குறைந்த வேகத்திலேயே ஓட்டினார்கள். கரை வடமேற்கே இருந்ததால் மாலை வெயில் நேரே கண்ணில் அடித்தது. நீரின் நிறத்தைப் பார்த்து ஆழம் அறிய வழியில்லை. காலையில் ஜிபிஎஸ் பதிவு செய்த தடத்தின் மேலேயே திரும்பி வந்தார்கள். 6:50க்குத் துறை சேர்ந்தார்கள்.

மூத்தவருக்குப் பெரிய படகில் இருந்தபோதே தலைவலியும் வாந்தியும் வந்தன. வெயில் சோர்வு. நிழல், ஈரத் துணி, மெதுவாகக் கொடுத்த குடிநீர் என்று கவனித்ததில் இரண்டு மணி நேரத்தில் தேறினார். பெரிய படகில் தண்ணீர் இருந்தது. இவர்களுடையது 2 மணிக்கே தீர்ந்திருந்தது. குழப்பமோ மயக்கமோ வந்திருந்தால் அது வெப்பத்தாக்கு. உடனே அவசர உதவி கேட்க வேண்டிய நிலை.

தாமதக் கட்டணம், இம்பெல்லர் மாற்றியது, இன்ஜின் கழுவியது எல்லாம் முன்பணத்தில் கழிந்தன. ஒப்பந்தப்படி தரைதட்டினால் பொறுப்பு வாடகைக்கு எடுத்தவருடையது. கடற்புல்லுக்குச் சேதம் இல்லை.

மாற்ற வேண்டியவை

ஓத நிலையத்தின் பெயரை வாய்விட்டுப் படித்து, அது கடல் பக்கமா விரிகுடாப் பக்கமா என்று உறுதி செய்ய வேண்டும். வாடகைக்கு விடுபவர் அன்றைய தாழ் ஓத நேரத்தைச் சாவியோடு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாலே இதில் பாதி தீரும்.

நங்கூரம் போட்டதும் ஆழத்தை ஒரு கம்பால் அளந்து, மிச்சமிருக்கும் இறக்கத்தைக் கழித்து, இரண்டு கெடு நேரங்களையும் குறித்து, கைப்பேசியில் முதல் கெடுவுக்கு அரை மணி முன்பு அலாரம் வைக்க வேண்டும். நீர் இறங்கும் நாளில் படகு திட்டின் மேலே ஏறவே வேண்டாம். ஓரத்தில், வற்றிய பிறகும் 3 அடி நிற்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, ஆட்கள் மட்டும் மேட்டுக்கு நடந்து போகலாம்.

நாளை மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. உயர் ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரம் கழித்து இதே இடத்தில் தாழ் ஓதம் காலை 10 மணி வாக்கில் வந்திருக்கும். அரை நிலா நாளாகையால் ஏற்ற இறக்கமும் குறைவு. வற்றிய நேரத்தில் போய்ச் சேர்ந்தால் நீர் ஏறிக்கொண்டே இருக்கும். தட்டினாலும் சற்று நேரத்தில் மிதந்துவிடும். மேடு பள்ளமும் புல்லும் அப்போதுதான் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அன்றும் பிற்பகல் 1 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். கோடை இடிமழை ஓத அட்டவணையைப் பார்ப்பதில்லை.

குடிநீர் 9 பேருக்கு 30 லிட்டராவது வேண்டும். எங்கே போகிறோம், எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தக் குழு யாரிடமும் சொல்லவில்லை. 5 மணி தாண்டித் துறையிலிருந்து அழைப்பு வந்தபோதுதான் படகை வாடகைக்கு விட்டவருக்கே விவரம் தெரிந்தது.

இந்தியாவிலோ இலங்கையிலோ படகு ஓட்டிப் பழகியவர்கள் அமெரிக்கக் கடலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடலிலிருந்து துறைக்குத் திரும்பும்போது நம் பக்கம் சிவப்பு மிதவை இடக்கைப் பக்கம் வரும். அங்கே வலக்கைப் பக்கம். வேல் ஹார்பர் போன்ற குறுகிய கால்வாயில் இதை மாற்றி எடுத்தால், திட்டுக்குப் போகும் முன்பே தரைதட்டிவிடும்.